எட்டுக்கு இடுப்பு உண்டு

வளைந்தாயிற்று. இனிக் கொஞ்ச நேரத்துக்கு அவர் முகம் தெரியாது, சுவர்தான். சுவரில் ஓர் ஆணும் பெண்ணும் ஓடுவதுபோல வரைந்து, கீழே நடப்போம் நலம் பெறுவோம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு இடுப்பே இல்லை, ஒரு கோடு இழுத்து விட்டிருக்கிறான். அவள் வீட்டில் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்றோ, பாவம், இந்த ஓட்டம் ஓடுகிறாள். என் காலுக்குக் கீழே சிமெண்டுத் தரையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு பெரிய எட்டு. இதன்மேல்தான் நான் தினமும் காலையில் நடக்க வேண்டும். உறையூரில் இந்தச் சின்னப் பூங்காவுக்கு வருகிற எல்லோருக்கும் இந்த எட்டின்மேல் அப்படி ஒரு பக்தி. முட்டி வலியா, எட்டு போடு. தூக்கம் வரவில்லையா, எட்டு போடு. வடக்கு தெற்காகப் போக வேண்டும், பாதி நேரம் ஒரு பக்கமாக, மீதி நேரம் எதிர்ப்பக்கமாக, வாய் திறக்கக் கூடாது. கோடு தாண்டினால் அனந்தநாராயணன் சார் தொண்டையைக் கனைப்பார். பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயரானவர், இப்போது இந்த எட்டுக்கு மேனேஜர். "கோட்டு மேலயே வாங்கம்மா, கோட்டை விட்டா பலன் இல்ல" என்பார். வருகிறேன் சார். என் பாதம் கோட்டின்மேல்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் இரண்டு பக்கமும் வெளியே போனால் நான் என்ன செய்ய முடியும். இதோ நடு வந்துவிட்டது, இரண்டு வளையமும் வந்து சேருகிற இடம். எட்டுக்குக்கூட இடுப்பு உண்டு. இந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வருகிறது.

இப்போது அவர் முகம் தெரிகிறது. வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில், மடியில் என் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் கணவர் கலியமூர்த்தி, மின்வாரியத்தில் வேலை, இப்போது நீண்ட லீவில் இருக்கிறார். முகம் கறுத்து, கன்னம் ஒட்டி, சட்டை அவர்மேல் தொங்குகிறது. இடது கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறுபோல முறுக்கிக்கொண்டிருக்கும், அதை மறைக்க முழுக்கைச் சட்டை. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் மெஷினில் படுக்க வேண்டும். ஒன்று மாற்றிவைத்தால் பிழைத்துக்கொள்வார் என்றார் டாக்டர், யார் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அந்த அறையில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். அவருடைய அக்கா திலகவதி அண்ணி "எனக்குத்தான் சுகர் இருக்கே டாக்டர்" என்றார், பரிசு வாங்கியவர் மாதிரி. அவர் தம்பி தரையைப் பார்த்தான். தம்பி மனைவி தம்பியைப் பார்த்தாள். அப்புறம் எல்லோருமாகச் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். இருபத்தைந்து வருஷமாக என்னைப் பார்த்தால் சிரிப்பை அடக்குகிறவர்கள், அன்றைக்குத்தான் என்னை ஒழுங்காகப் பார்த்தார்கள். இவ்வளவு பெரிய உடம்பு, இதில் ஒன்றை எடுத்தால் தெரியவா போகிறது என்று ஒவ்வொருவர் முகத்திலும் எழுதியிருந்தது. "மங்காதான் இருக்காளே" என்றார் அண்ணி. மங்கையர்க்கரசி என்று என் அப்பா வைத்த பெயர். இருக்காளே என்றால் இருக்கிறேன்தான். கொடுப்பாயா என்று யாரும் கேட்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், எல்லாம் ஒத்துப்போயிற்று. எடை மெஷினில் ஏற்றினார்கள். டாக்டர் முள்ளைப் பார்த்துவிட்டு, இந்த எடையில் கத்தி வைக்க முடியாது, நன்றாகக் குறைத்துவிட்டு வரச் சொல்லுங்கள் என்று அவரிடம் சொன்னார். என்னிடம் இல்லை, அவரிடம். அன்றிலிருந்து என் உடம்பு இந்தக் குடும்பத்தின் பொதுச் சொத்து.

திரும்பியாயிற்று, முதுகு காட்டியாயிற்று. இப்போது அவர் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் பின்பக்கத்தை அவர் பார்ப்பது இந்தப் பூங்காவில்தான். வாழ்நாள் முழுக்க முதுகைப் பார்த்தவள் நான். அவர் எப்போதும் முன்னால் போவார். மலைக்கோட்டை போனாலும், கடைத்தெரு போனாலும், கல்யாண வீட்டுக்குப் போனாலும் பத்தடி முன்னால் அவர், பின்னால் நான் மூச்சு வாங்கிக்கொண்டு. கொஞ்சம் மெதுவா போங்க என்பேன். காதில் விழாது. கூட்டத்தில் இரைச்சல், வண்டிச் சத்தம், அவருக்கு ஆயிரம் யோசனை இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். கல்யாணத்தன்றைக்கே போட்டோக்காரன் "மாப்ள, ஒரு அடி முன்னால வாங்க, அப்பத்தான் பொண்ணு கொஞ்சம் மறையும்" என்றான். முன்னால் வந்தவர்தான், திரும்பவே இல்லை. அந்தப் படத்தில் எனக்கு ஒரு தோள்தான் இருக்கிறது. அப்புறம் அந்த டயர். ஸ்கூட்டரில் நான் ஏறுவதற்கு முன்னால் இவர் இறங்கிக் குனிந்து பின் டயரைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பார். காத்து பத்துமா பாப்போம் என்பார். எதிர்வீட்டுக்காரர் சிரிப்பார், கூடவே நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் கோபித்துக்கொண்டதாக ஆகிவிடும், குண்டாக இருக்கிறவளுக்குக் கோபமும் வந்தால் அதைவிட வேடிக்கை ஏது. ஒருநாள் என் பெண் சுடர், நடக்கத் தொடங்கிப் பேச்சு வந்த வயசு, ஓடிவந்து குனிந்து அந்தப் பிஞ்சு விரலால் டயரை அமுக்கினாள். தெருவே சிரித்தது. அன்றைக்குத்தான் சிரிக்க முடியவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். ஸ்கூட்டர் நன்றாகத்தான் போயிற்று, ஒருநாள்கூட வழியில் நின்றதில்லை.

பசிக்கிறது. காலையில் சீரகத் தண்ணீர், அப்புறம் ஒரு ஆப்பிள், அதுவும் அவர் எதிரில்தான் தின்ன வேண்டும். அவருக்குப் பழம் ஆகாது, எனக்குச் சோறு ஆகாது. அவருக்குத் தண்ணீர் அளந்து, எனக்கு எண்ணெய் அளந்து. எங்கள் வீட்டு அடுப்படி மருந்துக்கடை மாதிரி ஆகிவிட்டது. இடுப்பில் செருகிய போன் டிங் என்கிறது. பார்க்கவே வேண்டாம், அண்ணிதான், கும்பகோணத்திலிருந்து தினமும் இந்த நேரத்துக்கு ஒரு குரல் அனுப்புவார். நேற்று அனுப்பியது இன்னும் காதில் இருக்கிறது. "மங்கா, எந்திரிச்சிட்டியா. மனசுல ஒரு குறிக்கோள் வெச்சுக்க மங்கா, உடம்பு தன்னால எறங்கும். உனக்கு இதைவிடப் பெரிய குறிக்கோள் என்ன வேணும் சொல்லு, தாலி பாக்கியம்மா இது." பின்னணியில் தாளிக்கிற சத்தம் கேட்டது, அநேகமாக வெண்பொங்கல். ஊக்கம், ஊக்கம் என்று எல்லோரும் எனக்கு ஊட்டுகிறார்கள். சோற்றைத்தான் ஊட்ட ஆளில்லை. தன்னம்பிக்கைப் பேச்சு வீடியோ ஒருத்தர் அனுப்புகிறார், கொள்ளு ரசம் செய்முறை ஒருத்தர் அனுப்புகிறார், இரண்டு படம் பக்கத்தில் பக்கத்தில் போட்டு முன்பு இப்படி, இன்று இப்படி என்று யாரோ ஒரு அமெரிக்காக்காரியின் வயிற்றை அனுப்புகிறாள் தம்பி மனைவி. கண்ணாடியில் உன்னையே பார்த்து உனக்காக நீ செய் என்று சொல்லு என்கிறது வீடியோ. எனக்காக எதைச் செய்வது? நான் இறங்கினால் எனக்கு வயிற்றில் ஒரு தழும்பு, அவ்வளவுதான். ஒரே ஒரு தடவைதான் என் எடையைப் பார்த்து யாராவது சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். எனக்கு ஏழெட்டு வயசில் டைபாய்டு வந்து எலும்பும் தோலுமாகப் போனேன். பிழைத்தால் எடைக்கு எடை வெல்லம் என்று அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். பிழைத்து, தேறி, ஒரு வருஷம் கழித்துத் துலாபாரத் தட்டில் உட்கார வைத்தார்கள். கொண்டுபோன வெல்லம் போதவில்லை. தட்டு அசையவே இல்லை. அப்பா கடைக்கு ஓடினார். அம்மா என்னைப் பார்த்து அழுதுகொண்டே சிரித்தாள், எம்மா, இன்னும் வெல்லம் கொண்டாங்க, எம்பொண்ணு எறங்க மாட்டேங்கிறா என்று சன்னதியில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். நான் தட்டில் ராணிமாதிரி உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு எந்தத் தட்டில் ஏறினாலும் தலை குனிந்துதான் இறங்கியிருக்கிறேன்.

இந்தப் பக்கம் வந்தால் மறுபடி முகம். பார்க்காமல் நட, மங்கா. தரையைப் பார். இப்போது நினைக்கக் கூடாத ஒன்று இருக்கிறது, நினைக்காமல் இந்த வளைவைத் தாண்ட முடிகிறதா என்று பார்ப்போம். முடியவில்லை. பூரி. நேற்று அவரை மெஷினில் படுக்கவைத்துவிட்டு, நர்ஸ் திரையை இழுத்துவிட்டதும், கீழே கேன்டீனுக்குப் போனேன். போன வாரமும் போனேன். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே, அவர் மெஷினில் இருக்கிற நாளெல்லாம் நான் கேன்டீனில். மேலே அவர் ரத்தம் சுற்றிக்கொண்டிருக்கும், கீழே எனக்கு உப்பிய பூரி இரண்டு, கிழங்கு, அப்புறம் இன்னொரு பிளேட். கேன்டீன்காரர் என் முகத்தைப் பார்த்ததும் "அக்காவுக்கு ரெண்டு போடு" என்று உள்ளே குரல் கொடுப்பார். ஏன் என்று கேட்கிற கண் கிடையாது அந்த மனுஷனுக்கு. மூலையில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தின்பேன். நாக்குக்காகத் தின்கிறேன் என்று முதலில் நினைத்தேன். இல்லை. ஆஸ்பத்திரியில் மாதம் ஒருதரம் எடை பார்க்கிறபோது முள் அதே இடத்தில் நிற்பதைப் பார்க்கிறேனே, அப்போது நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி, அதற்காகத் தின்கிறேன். "இவ்வளவு நடக்கறீங்க, ஏன் இறங்க மாட்டேங்குது" என்று டாக்டர் நெற்றியைச் சுருக்குவார். "உடம்பு வாகு டாக்டர்" என்று அவர் சொல்வார், என் சார்பில். நான் தலை குனிந்துகொள்வேன். எனக்கு வேண்டாம் என்று சொல்ல வராது. பிறந்ததிலிருந்து வந்ததில்லை. இந்த மாப்பிள்ளையா, சரி. இந்தப் புடவையா, சரி. வேலைக்குப் போக வேண்டாமா, சரி. வாயால் வராததை இந்தச் சதை சொல்கிறது, டாக்டர் காதுக்குக் கேட்கிற பாஷையில், கொடுக்க மாட்டேன் என்று. இது ஒன்றுதான் எனக்குப் பரிந்து பேசியிருக்கிறது, இதைப்போய்க் கரைக்கச் சொல்கிறார்கள். கத்திக்குப் பயமா? பயம்தான். மயக்கம் கொடுத்து எழும்பாமல் போனவர்கள் கதை யாரிடம் இல்லை. ஆனால் அது மட்டும் இல்லை. கட்டிலில் என்னைப் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது, இவர் சக்கரத்தைக் குனிந்து அமுக்கிப் பார்ப்பது மாதிரி ஒரு காட்சி வருகிறது. செய்ய மாட்டார், தெரியும். இருந்தாலும் வருகிறது. அவர் செத்துப்போகட்டும் என்றா நினைக்கிறேன்? சேச்சே. மெஷினில் இருந்தாலும் இருக்கத்தானே செய்கிறார், எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் இருக்கிறார்கள். இப்படி நினைத்தபின் என்மேல் எனக்கே அருவருப்பு. வளைவு வந்துவிட்டது. காலை மாற்று.

தொண்டை வறண்டுவிட்டது. கோட்டை விட்டு இறங்கி பெஞ்சுக்குப் போகிறேன். அனந்தநாராயணன் சார் கனைக்கிறார், கனைக்கட்டும். என் கணவர் பாட்டிலை நீட்டினார். நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு அளந்து ஊற்றுகிற தண்ணீரில் பிழைக்கிறவர், என் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்து அவர் தொண்டையும் ஏறி இறங்கிற்று. "குடி, குடி, நெறைய குடி" என்றார். அந்த நிமிஷத்தில் மனசு இளகத்தான் செய்தது. கெட்டவர் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடிந்தால் எவ்வளவு லேசாக இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தேன். பெஞ்சின் ஓரத்தைத் தடவிக்கொண்டே சொன்னார், "சுடர் நேத்து பேசுனா, நீ அடுப்படியில இருந்தப்ப." ஓசூரில் வேலை பார்க்கிறாள் என் பெண், ஒரே பெண். சரி, பேசினாள், அதற்கென்ன. "அவ டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டாளாம். ஓசூர்லயே. என் குரூப்தானே அவளும். ஒத்துப்போவும்போலதான் இருக்காம், மத்ததை இங்க வந்து பாக்கணும்கிறா. அம்மாவால முடியலைன்னா நான் குடுக்கறேன்ப்பாங்கிறா." பாட்டில் மூடி கையிலிருந்து நழுவிக் கீழே உருண்டது. நான் எடுக்கவில்லை, அவர் குனிந்து எடுத்தார். "அதனால நீ ரொம்பக் கஷ்டப்படாத மங்கா. உன்னைய யாரும் கட்டாயப்படுத்தல" என்றார். நல்ல குரலில்தான் சொன்னார், அன்பாகக்கூட இருந்தது. "நீங்க என்ன சொன்னீங்க அவகிட்ட?" என்றேன். "நான் என்னத்த சொல்ல. கல்யாணம் ஆகாத பொண்ணு, எனக்குத் தெரியாதா." "வேணாம்னு சொன்னீங்களா?" "சொல்லாம இருப்பனா." "வேணாம்னே சொன்னீங்களா?" அவர் மூடியைத் துடைத்துத் துடைத்துப் பாட்டிலில் திருகினார். "அம்மாவும் நடந்துக்கிட்டுத்தான் இருக்கா, பாப்போம்னு சொன்னேன்."

பார்ப்போம். எழுந்து வந்துவிட்டேன். எட்டின்மேல் நிற்கிறேன், எந்தப் பக்கம் போவது என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை. பார்ப்போம் என்றிருக்கிறார். பெண் ஒன்றைக் கேட்கிறாள், வேண்டாம் என்று சொல்ல ஒரு மூச்சு போதும், பெற்றவருக்கு அந்த மூச்சு வரவில்லை. எனக்கும் வராதுதான், நானும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவள்தான். ஆனால் அது எனக்கு. குழந்தைக்கு வந்தால் குரல் தானாக வராதா? காத்து பத்துமா பாப்போம், அதே பாப்போம். நடக்கிறேன், கால் நடக்கிறது. போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். எட்டின்மேல் பேசக் கூடாது, அனந்தநாராயணன் சார் கையை ஆட்டுகிறார், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறேன். "என்னம்மா, காலங்காத்தால" என்றாள், தூக்கக் குரல். "டெஸ்ட் எடுத்தியா நீ?" "சொல்லிட்டாரா. உன்கிட்ட சொல்ல வேணாம்னேன் அப்பாகிட்ட." "யாரைக் கேட்டு எடுத்த?" "யாரைக் கேக்கணும்மா. என் உடம்பு." என் உடம்பு என்கிறாள். அப்படிச் சொல்ல எங்கே கற்றுக்கொண்டாளோ. "நான்தான் குடுக்கப்போறேன்ல, நடந்துக்கிட்டுதானே இருக்கேன்" என்றேன். "அம்மா" என்றாள். அந்த அம்மாவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, என்னமோ வரப்போகிறது என்று. "பொங்கலுக்கு வந்தப்ப நான் பஸ் ஸ்டாண்டுலேருந்து நேரா ஆஸ்பத்திரிக்குத்தாம்மா வந்தேன். மேல உன்னைக் காணோம். கேன்டீன் வாசல்ல வந்து நின்னேன். நீ பூரி சாப்ட்டுக்கிட்டு இருந்த. இன்னொரு பிளேட் சொன்ன." வளைவு வந்தது, வளைந்தேன். "மொதல்ல எனக்குக் கோவம் வந்துச்சும்மா. வந்து கேட்டுரலாம்னுதான் இருந்தேன். அப்புறம் உன் மூஞ்சியப் பாத்தேன். நீ அவ்ளோ நிம்மதியா சாப்ட்டு நான் பாத்ததே இல்ல. கூப்பிட மனசு வரல. மேல போயி அப்பா பக்கத்துல உக்காந்துக்கிட்டேன்." அவர் முகம் தெரிகிற பக்கம் வந்துவிட்டேன். கை ஆட்டினார், வேகமாகப் போ என்று. "நீ யார்கிட்டயும் முடியாதுன்னு சொல்ல மாட்ட. சொல்லவும் விடமாட்டாங்க. அத்தை தினமும் வாய்ஸ் போட்டுக் கொல்றாங்க. அதான் நானே குடுத்துட்டா உன்னைய விட்டுருவாங்கள்ல. அப்பாவுக்காக இல்லம்மா."

எனக்காக ஒருத்தி கத்திக்குக் கீழே படுக்கத் தயாராக இருக்கிறாள். நான் பூரி தின்ற முகத்தைப் பார்த்து முடிவு செய்திருக்கிறாள். டயரை அமுக்கிய விரல் அது. நான் என் சதைக்குள் ஒளிந்துகொண்டிருந்தேன், அவள் வந்து முன்னால் நின்றுகொண்டாள். போட்டோக்காரன் சொல்லாமலேயே. "சுடர், இங்க பாரு" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நீ ஒரு மண்ணும் குடுக்க வேணாம். வேணாம். கேட்டுச்சா? அந்தத் தாளைக் கிழிச்சுப் போடு." வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், இரண்டு தடவை. நாக்கு ஒன்றும் உதிர்ந்துவிடவில்லை. "அம்மா, நீ பயப்படறல்ல." "பயந்தா பயந்துட்டுப் போறேன். நான் எறங்கிருவேன். உனக்கு அம்மாவைத் தெரியாது." "எனக்காக நீ—" "ஆமாண்டி, உனக்காகத்தான். உங்கப்பாகிட்ட சொல்லிராத" என்று வைத்துவிட்டேன். ஆக, கிடைத்துவிட்டது ஊக்கம். அண்ணிக்கு ஒரு குரல் அனுப்ப வேண்டும், குறிக்கோள் அகப்பட்டுவிட்டது அண்ணி, உங்கள் தம்பி பெற்ற பெண்ணிடமே இருந்தது என்று. அனுப்ப மாட்டேன். நாளைக்கு மறுபடி அவரை மெஷினில் விடுவேன், திரையை இழுப்பார்கள், கீழே எண்ணெய் காயும் வாசனை மாடிப்படிவரை வரும். நான் வெளியே மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் போய் நிற்பேன். கேன்டீன்காரர் ரெண்டு நாள் தேடுவார், அப்புறம் மறந்துபோவார். எல்லாம் இறங்கிவிடும், இந்தக் கையும் இந்த வயிறும், எனக்காக இத்தனை வருஷம் ஊமையாக நின்று மல்லுக்கட்டிய அத்தனையும். கடைசியில் எடுத்துக்கொண்டுவிடுவார்கள். எடுத்தபின் எல்லோரும் பேசுவார்கள், புருஷனுக்காக எப்படி இளைத்தாள் பார், இவளல்லவோ மனைவி என்று. அண்ணி அதேபோல என் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்புவார். முன்பு இப்படி, இன்று இப்படி.

வேகமாக நடந்திருக்கிறேன் போலிருக்கிறது. கோடு எங்கே கால் எங்கே என்று தெரியவில்லை, முன்னால் போன ஒரு அம்மா ஒதுங்கி வழிவிட்டாள். வியர்வை கண்ணில் இறங்கிற்று, நல்லது, துடைப்பதற்கு ஒரு காரணம். பெஞ்சைத் தாண்டும்போது அவர் அனந்தநாராயணன் சாரிடம் சொல்வது கேட்டது. "பாத்தீங்களா சார், இன்னிக்கு என்னா வேகம். வாய்தான் பேச மாட்டா, எம்மேல உசுரு." சார் ஆமோதித்தார், எட்டின் மகிமை என்றார். நான் நிற்கவில்லை. நின்று சொல்லியிருக்கலாம், இது உங்களுக்கு இல்லை என்று. சொன்னால் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும், பெண்ணைப் பற்றிச் சொன்னால் பூரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருக்கட்டும். உசிர் என்றே வைத்துக்கொள்ளட்டும். ஒரு மனுஷனுக்குச் சிறுநீரகத்தையும் கொடுத்து, அது எதற்காகக் கொடுத்தேன் என்பதையுமா கொடுக்க வேண்டும், அதையாவது நான் வைத்துக்கொள்கிறேன்.

வெயில் ஏறிவிட்டது. "போலாமா" என்று எழுந்தார். எங்கள் வீடு இரண்டு தெரு தள்ளி. தினமும் அவர் கூடவே, அவர் நடைக்கு என் நடையைக் குறைத்து, மேடு பள்ளம் பார்த்துச் சொல்லிக்கொண்டு கூட்டிப்போவேன். இன்றைக்குப் பூங்கா வாசலைத் தாண்டியதும் என் கால் குறைக்க மாட்டேன் என்றது. எட்டு போட்ட வேகம் அப்படியே இருந்தது. நடந்தேன். தண்ணீர்க் குழாய், இஸ்திரி வண்டி, பிள்ளையார் கோயில். என் செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது, அவர் செருப்பை இழுத்து இழுத்து வைக்கிற சத்தம் பின்னால் தள்ளித் தள்ளிப் போயிற்று. கோயில் முனையில் குரல் வந்தது. "மங்கா, கொஞ்சம் மெதுவா போயேன்." நான் திரும்பவில்லை. தெருவில் சத்தம் இருந்தது, ஒரு ஆட்டோ போனது, பால்காரன் மணி அடித்தான். "மெதுவா போ மங்கா, என்னால முடியல." நன்றாகக் கேட்டது. அவ்வளவு சத்தத்திலும் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. அப்படியென்றால் அவருக்கும் அந்த நாளிலெல்லாம் கேட்டுத்தான் இருந்திருக்கிறது.